எதுல வாங்கின மார்க்கு?

ரங்கூன் க்யிம்யிண்டைங்கில் எங்கள் தெரு முனையில் ஒரு பர்மியப் பெண் காலையில் மொஹிங்கா விற்பாள். மீன் குழம்பை நூடுல்ஸ் மேல் ஊற்றி, எலுமிச்சை பிழிந்து தருவது அது. மீன் அரைபட்டுக் குழம்போடு குழம்பாகக் கரைந்து கிடக்கும். கிண்ணத்தைக் கையில் வாங்குவதற்கு முன்னால் "இன்னைக்கு என்ன மீன்?" என்று கேட்கிற ஒரே ஆள் எங்கள் கட்டடத்து நாலாம் மாடி அக்காதான். "மீன்தான்!" என்பாள் அவள். "மீன்னு தெரியுது. எந்த மீன்?" என்பார் அக்கா. பின்னால் வரிசையில் நிற்கிற எனக்குப் பற்றிக்கொண்டு வரும். லத்தா பகுதியில் என் கடையைத் திறக்க நேரமாகிறது, இந்த அம்மாவுக்குக் கெளுத்தியா விராலா என்று தெரிந்தாக வேண்டுமா? ஆம், தெரிந்தாக வேண்டும். தெரிந்த பிறகுதான் சில்லறையை எடுப்பார்.

அவருடைய பெயர் இங்கே வேண்டாம். அவர் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தின் பெயரும் வேண்டாம், அது இன்னும் நடக்கிறது. கிறிஸ்துவக் குடும்பம். அப்பா ரயில்வேயில் குமாஸ்தா, தாத்தா மிஷன் பள்ளியில் குமாஸ்தா, இவர் அமெரிக்கப் பாடத்திட்டம் நடத்துகிற ஒரு தனியார் பள்ளியில் குமாஸ்தா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஐம்பது வயதிருக்கும். கன்னத்தில் தனாக்கா மரப்பட்டை அரைத்துப் பூசி, இஸ்திரி போட்ட தமெயினை இடுப்பில் சுற்றி, அடுக்கு டப்பாவில் சாப்பாட்டோடு கிளம்புவார். பையில் எப்போதும் ஒரு எஃகு ஸ்கேல். எதைப் படித்தாலும் அந்த ஸ்கேலை வரிக்குக் கீழே வைத்து, ஒவ்வொரு வரியாக இறக்கிக்கொண்டே போவார். கல்யாணப் பத்திரிகையையும் அப்படித்தான் படிப்பார். கரண்ட் நிறுத்தும் அட்டவணையையும் அப்படித்தான்.

இங்கே பள்ளிக்கூடத்தில் வேலை செய்கிற பெண் யாராக இருந்தாலும் சயாமா என்றுதான் கூப்பிடுவார்கள். டீச்சரம்மா என்று அர்த்தம். அக்காவை அப்படிக் கூப்பிட்டால் உடனே திருத்துவார்: "நான் சயாமா இல்லம்மா. ஆபீசு."

முதல் மாடி வெங்காயக் கடைக்காரர் மகன் அரசாங்க மெட்ரிக் பரீட்சையில் தேறியபோது கட்டடம் முழுக்க இனிப்பு கொடுத்தார்கள். டிஸ்டிங்ஷனை இங்கே டி என்போம். பையன் நாலு டி வாங்கியிருந்தான். படிக்கட்டில் ஏறி ஏறி அவர் சொல்லிக்கொண்டு வந்தார், "நாலு டி! நாலு டி!" என்று. நாங்கள் எல்லோரும் அடேயப்பா என்றோம். அக்கா இனிப்பை வாங்கிக்கொண்டு, "சந்தோஷம். எதெதுல?" என்றார். மனிதர் தடுமாறிப் போய் ஒவ்வொன்றாகச் சொன்னார். அக்கா கவனமாகக் கேட்டுவிட்டு "அப்படியா" என்றார். அந்த "அப்படியா"வில் கெட்டது ஒன்றும் இல்லை. ஆனாலும் மனிதர் முகம் தொங்கிப் போனது. கீழே இறங்கும்போது அவர் சத்தம் போடவில்லை.

இன்னொரு தடவை எதிர்வீட்டுப் பெண்ணுக்கு நிச்சயம். மாப்பிள்ளைக்குச் சிங்கப்பூரில் பெரிய வேலை என்று பூரித்துப் போய்ப் பேசிக்கொண்டிருந்தோம். "பெரிய வேலைன்னா, என்ன வேலை?" என்றார் அக்கா. யாருக்கும் தெரியவில்லை! பெண்ணைப் பெற்றவளுக்கே தெரியவில்லை. "இந்த வாய்க்குத்தான் இது இன்னும் தனியா கெடக்கு" என்று நான் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னேன். அக்கா காதில் விழுந்திருக்கும். மெதுவாகப் பேசுகிற பழக்கம் எனக்குக் கிடையாது.

எங்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் வளர்ந்த விதம் வேறு. அரசாங்கப் பரீட்சையில் மொத்த மார்க்குதான் ராஜா. மொத்தம் எவ்வளவோ, அதைப் பொறுத்துத்தான் எந்தக் காலேஜ் என்பது. அதனால் எந்தப் பாடம் சுலபமோ அதைச் சேர்த்துக்கொள், எது காலை வாருமோ அதை விட்டுவிடு என்றுதான் வீட்டில் சொல்வார்கள், டியூஷனில் சொல்வார்கள், கோயிலில் பார்த்தாலும் சொல்வார்கள். நானும் அப்படித்தான் தேறினேன். அதில் தப்பே இல்லை. அந்தப் பரீட்சைக்கு அதுதான் புத்திசாலித்தனம். அதே புத்திசாலித்தனத்தை மூட்டை கட்டிக்கொண்டு போய் வேறொரு பள்ளிக்கூடத்து வாசலில் இறக்கினோம் பாருங்கள், அங்கேதான் வந்தது வினை.

என் வீட்டுக்காரர் கப்பலில் எஞ்சின் அறையில் ஃபிட்டர். ஒன்பது மாதம் கடல், மூன்று மாதம் வீடு. மகள் ஒருத்திதான். அப்பா கப்பலில் இருந்து அனுப்புகிற எஞ்சின் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவள், மெக்கானிக்கல் இஞ்சினியரிங்தான் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். ஆனால் முதலில் நோய் வந்து பள்ளிகளை மூடினார்கள், பிறகு ஊர் நிலவரத்தில் மூடினார்கள். பிள்ளைக்கு முழுசாக இரண்டு வருஷம் போய்விட்டது. அக்கா வேலை பார்த்த தனியார் பள்ளியில் பத்தாம் வகுப்பில் கொண்டுபோய்ச் சேர்த்தபோது அவளுக்குப் பதினேழு. கூடப் படிப்பவர்கள் அவளை "மமா" என்று கூப்பிட்டார்கள், அக்கா என்று. அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள், எனக்கு வயிறு எரிந்தது. இன்னொரு வருஷம் போகக் கூடாது. மலேசியாவில் ஒரு காலேஜில் ஓர் இடம். அவ்வளவுதான் நான் சாமியிடம் கேட்டது.

அந்தப் பள்ளியில் வெளிப் பரீட்சை கிடையாது. பாடத்தை அவர்களே நடத்தி, மார்க்கை அவர்களே போட்டு, அந்தத் தாளைத்தான் வெளிநாட்டுக் காலேஜ்களுக்கு அனுப்புவார்கள். ஒவ்வொரு பாடத்திலும் இரண்டு வகுப்பு: சாதா, அட்வான்ஸ். எதை வேண்டுமானாலும் எடுக்கலாம். எதை வேண்டுமானாலும் விடலாம். சேர்க்கை அன்று பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்த அம்மாக்கள் அத்தனை பேரும் சாதாவில்தான் கோடு போட்டோம். நான் பிஸிக்ஸையே விட்டுவிட்டேன். அதற்குப் பதில் சுற்றுச்சூழல், பிசினஸ், ஓவியம்.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அக்கா. என் படிவத்தின் மேல் ஸ்கேலை வைத்து இறக்கிக்கொண்டே வந்தார். பாதியில் ஸ்கேல் நின்றது.

"இஞ்சினியரிங்குன்னு எழுதியிருக்கீங்க. பிஸிக்ஸ காணோமே?"

"அது கஷ்டங்க்கா. மொதல்ல மார்க்கு வரட்டும்."

"மார்க்கு வரும். எதுல வாங்கின மார்க்குன்னு கேப்பாங்களே."

"யாரு கேப்பா? நீங்கதான் கேப்பீங்க."

பெஞ்சில் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. "இல்லம்மா, அனுப்பிச்ச தாளுக்கெல்லாம் பதில் எங்கிட்டதான் வருது. நான் படிக்கிறேன். எத்தன மார்க்குங்கறத ரெண்டாவதாத்தான் பாக்குறாங்க. எந்த வகுப்புன்னு மொதல்ல பாக்குறாங்க. பாப்பா கணக்கு நல்லாத்தானே போடுது? அட்வான்ஸ்ல போட்டா என்ன?"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பத்துப் பேர் நடுவில் என்னை ஒன்றும் தெரியாதவளாக்குகிறாளே என்று. "நீங்க சயாமா இல்லல்ல, ஆபீசுதானே? முத்திரைய குத்துங்க" என்றேன். அவர் வாயிலிருந்து அடிக்கடி வருகிற சொல்லையே எடுத்து அவர் மேல் எறிந்தேன். அவர் முத்திரையைக் குத்திக் கொடுத்தார்.

ரங்கூன் மாடிவீடுகளில் பால்கனியிலிருந்து தெருவரை ஒரு கயிறு தொங்கும். நுனியில் கிளிப், மேலே மணி. பேப்பர்காரரோ கீரைக்காரியோ கிளிப்பில் மாட்டிவிட்டுக் கயிற்றை இழுத்தால், மேலே மணி அடிக்கும், நாம் இழுத்துக்கொள்வோம். படிவம் கொடுத்ததற்கு அடுத்த நாள் மணி அடித்தது. கிளிப்பில் பாடம் மாற்றுகிற வெற்றுப் படிவம் ஒன்று. ஓரத்தில் பென்சிலில், "மாத்த இன்னும் பத்து நாள் இருக்கு." எட்டிப் பார்த்தேன். கீழே அக்கா டப்பாவைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்க்கொண்டிருந்தார். படிக்கட்டில் என் கதவைத் தாண்டித்தான் இறங்கியிருக்கிறார், தட்டவில்லை. நான் வேண்டுமென்றே அந்தக் காகிதத்தைத் திரும்பக் கீழே இறக்கிவிட்டேன். மழைக்காலம். இரண்டு நாளில் கூழாகிப் போனது.

மகள் பத்தாவதிலும் பதினொன்றாவதிலும் எல்லாப் பாடத்திலும் ஏ வாங்கினாள். நானும் படிக்கட்டில் சொல்லிக்கொண்டு ஏறினேன், பொய் சொல்வானேன். அக்காவைப் பார்த்தபோது மட்டும் கொஞ்சம் உரக்கவே சொன்னேன். அவர் "சந்தோஷம்மா" என்றார், வேறொன்றும் கேட்கவில்லை. அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை.

பதினொன்றாவது முடிகிற சமயத்தில், ஒரு ஹோட்டல் மண்டபத்தில் வெளிநாட்டுக் காலேஜ்காரர்கள் மேசை போட்டு உட்கார்ந்தார்கள். மலேசிய மேசையில் இருந்தது தமிழ்ப் பெண். எனக்குத் தலைகால் புரியவில்லை. நம்ம பாஷையிலேயே பேசி முடித்துவிடலாம்! மகளின் மார்க் தாளை நீட்டினேன். அந்தப் பெண் அதைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள், மறுபடியும் தாளைப் பார்த்தாள்.

"மார்க் எல்லாம் நல்லா இருக்குங்க ஆன்ட்டி. ஆனா எல்லாமே சாதா வகுப்பா இருக்கே. பிஸிக்ஸே இல்ல. இஞ்சினியரிங்குக்கு எப்படி எடுக்கறது?"

"எல்லாம் ஏ-ம்மா! முழுக்க ஏ!"

"அதான் ஆன்ட்டி சொல்றேன். அட்வான்ஸ் கணக்குல பி வாங்கியிருந்தாகூட நான் எடுத்துப் பேசுவேன். இதுல ஏ வாங்கினா, இந்தப் பொண்ணால முடியுமான்னு எங்களுக்குத் தெரியாதுல்ல?"

மகள் அந்தத் தாளைத் திரும்ப வாங்கி நாலாய் மடித்தாள். என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மறுநாள் காலையில் நான் நாலாம் மாடிக்கு ஏறினேன். அக்கா கிளம்பிக்கொண்டிருந்தார். மகள் பள்ளிக்கூடம் போய்விட்டாள், நான் வந்தது அவளுக்குத் தெரியாது. உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. கேட்க வந்ததை நின்றபடியே கேட்டேன்.

"அக்கா, தாள் உங்க கையிலதானே இருக்கு. கணக்குன்னு இருக்கற எடத்துல அட்வான்ஸ்ன்னு ஒரு வார்த்த. பிஸிக்ஸ்ன்னு ஒரு வரி. புள்ள ரெண்டு வருஷம் ஏற்கெனவே எழந்துட்டா. உங்களுக்குத் தெரியாததா? ஒரு வார்த்ததான்க்கா."

அக்கா என்னைக் கடிந்துகொள்ளவில்லை. அடுக்கு டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, தானும் உட்காரவில்லை.

"நான் டைப் அடிச்சா அந்தக் கணக்கு அவளுக்கு வந்துடுமாம்மா? அவதானே அங்க போயி உக்காந்து போடணும்?" என்றார். "ஒருக்கா அடிச்சேன். வேலைக்குச் சேந்த புதுசுல. பெரியவங்க அடின்னாங்க, அடிச்சேன். அந்தப் பொண்ணுக்கு எடம் கெடச்சுது. நாலே மாசம். வகுப்புல ஒண்ணும் ஏறல. தன்னைத்தான் மக்குன்னு நெனச்சுக்கிச்சு அது. திரும்பி வந்தப்ப ஏர்போர்ட்டுக்கு நான்தான் போனேன். என் முகத்தப் பாத்து, 'ஆன்ட்டி, எல்லாருக்கும் புரியுது, எனக்கு மட்டும் ஏன் புரியல?'ன்னு கேட்டுச்சு. அதுக்கு நான் பதில் சொல்லலம்மா. சொன்னா என் வேலை போயிடும்னு வாயத் தொறக்கல. இன்னொருக்கா என்னால முடியாது."

நல்ல மனுஷிக்கு அந்த இடத்தில் மனசு இளகியிருக்கும். எனக்கு இளகவில்லை. என் பிள்ளையை விட எவளோ ஒருத்தி இவளுக்குப் பெரிதாகப் போய்விட்டாளா என்றுதான் தோன்றியது. வாசலைத் தாண்டும்போது, "புள்ள பெத்திருந்தாத் தெரியும்" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். இதைச் சொன்னது நான்தான். இன்றைக்கும் என் காதிலேயே விழுகிறது.

அந்த வாரமே இன்னொன்று நடந்தது. மகள் என்னைக் கேட்காமல், ஆபீஸ் ஜன்னலுக்குத் தானே போய், பன்னிரண்டாம் வகுப்புக்கு அட்வான்ஸ் கணக்கும் பிஸிக்ஸும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். பதினெட்டு தாண்டியவள், அவள் கையெழுத்தே போதும் என்று அக்கா பதிந்துகொண்டாராம். எனக்குத் தெரிந்தபோது வீடு இரண்டுபட்டது.

"அட்வான்ஸ்ல சி வாங்கினா இருக்கற ஏ எல்லாம் நாசமாப் போயிடும்டி!"

"யபாடே, அம்மா" என்றாள், பரவாயில்லை என்று பர்மிய பாஷையில். கோபம் வந்தால் அவளுக்குத் தமிழ் போய்விடும். மீதியையும் அதிலேயே சொன்னாள். தமிழில் சொன்னால் இப்படி வரும்: வர்றது சி-யா இருந்தாலும் அது என்னோடது.

அக்காதான் பிள்ளையைத் தூண்டிவிட்டது என்று நான் முடிவு கட்டினேன். அவரிடம் கேட்கக்கூட இல்லை. இரண்டு நாள் கழித்துப் பள்ளிக்கூட வாசலில் ஒரு பெற்றோர் மனு சுற்றிக்கொண்டிருந்தது. ஹோட்டல் மண்டபத்தில் அடிபட்டது நான் மட்டும் இல்லை. ஆபீசில் இருக்கிற அம்மா பிள்ளைகளின் வாய்ப்பைக் கெடுக்கிறார், தாள்களை ஒத்துழைத்துத் தயாரிக்க மறுக்கிறார், அவரை மாற்ற வேண்டும் என்று எழுதியிருந்தது. யார் மனுவைப் பிடித்திருந்தாளோ, அவள் முதுகில் வைத்தே கையெழுத்துப் போட்டேன். முழுசாகப் படிக்கக்கூட இல்லை.

அந்த மாதமே அக்கா போய்விட்டார். வேலையும் போனது, நாலாம் மாடியும் காலியானது. ஊருக்கு வெளியே லைங் தாயாவில் ஏதோ துணி ஆலையில் சேர்ந்திருப்பதாக மொஹிங்காக்காரி சொன்னாள். "உன்கிட்ட ஒண்ணும் சொல்லிட்டுப் போகலியா?" என்று அவள் என்னிடம் கேட்டாள். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு எலுமிச்சை பிழிந்தேன்.

பள்ளிக்கூடத்தில் புதிதாக வந்த பெண் எல்லோரிடமும் இனிமையாகப் பேசினாள். என்ன வேண்டுமென்றாலும் அடித்துக் கொடுத்தாள். மண்டபத்தில் தலைகுனிந்து வந்த அத்தனை அம்மாக்களின் பிள்ளைகளும் ஒரே மாதத்தில் அட்வான்ஸ் படித்தவர்கள் ஆகிவிட்டார்கள், அதுவும் ஏ. என் மகளோ தன் பழைய தாளைத் தொட விடாமல், அந்த வருஷம் முழுக்க நிஜமாகவே அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்தாள். மொத்தம் ஆறு பேர்தான் அந்த அறையில். கரண்ட் போனால் பேட்டரி விளக்கில், கரண்ட் வந்தால் வியர்வையில். நோட்டு நோட்டாகத் தப்பு போட்டாள். முதல் பரீட்சையில் பிஸிக்ஸில் தோற்றாள். அன்றைக்குச் சாப்பிடாமல் படுத்தவளைப் பார்த்து, விட்டுடு பாப்பா என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் சொல்ல விடவில்லை. முடிவில் கணக்கில் பி, பிஸிக்ஸில் சி ப்ளஸ். இரண்டையும் விண்ணப்பத்தோடு அனுப்பினோம்.

மலேசியப் பெண் போனில் கூப்பிட்டாள். குரலிலேயே தெரிந்தது.

"ஆன்ட்டி, தப்பா நெனைக்காதீங்க. உங்க ஸ்கூல்லேர்ந்து இந்த வருஷம் வந்த எல்லாத் தாள்லயும் அட்வான்ஸ். பழைய தேதி போட்டுகூட அட்வான்ஸ். முன்னெல்லாம் அந்த ஆபீஸ் அம்மா அனுப்பறது வேற மாதிரி இருக்கும், சாதான்னா சாதான்னே இருக்கும், அத நாங்க அப்படியே நம்புவோம். இப்ப கமிட்டியில உங்க ஸ்கூல் தாள் எதையும் எடுக்கக் கூடாதுங்கறாங்க."

"என் புள்ள நெஜமாவே படிச்சாம்மா!"

"எனக்குத் தெரியுது ஆன்ட்டி. அவங்களுக்கு எப்படித் தெரியும்? அந்த அம்மா ஏதாச்சும் எழுதிக் குடுத்தா, நான் வெச்சுப் பேசறேன். பத்து நாள்தான் இருக்கு."

மூன்றாவது வருஷமும் போகப் போகிறது. பிள்ளைக்கு இருபது வயது ஆகப் போகிறது. படிக்காமல் போனதற்காக இல்லை, படித்ததை யாரும் நம்பாததற்காக. நான் கழிவறையில் போய் அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு லைங் தாயாவுக்குப் பஸ் ஏறினேன்.

ஆலை வாசலில் மதியச் சாப்பாட்டு நேரம். வேலைக்காரர்களை ஏற்றிவரும் ஃபெர்ரி பஸ்கள் வரிசையாக நின்றன. அக்கா இளைத்திருந்தார். பேக்கிங் பிரிவில் சட்டை லேபிள் சரிபார்க்கிற வேலையாம். என்னைப் பார்த்ததும், "பாப்பா நல்லாருக்கா?" என்றார். பிளாஸ்டிக் முக்காலியை இழுத்துப் போட்டார். நான் முழுவதையும் ஒரே மூச்சில் கொட்டினேன்.

"அவ பன்னெண்டாவது படிச்சத நான் பாக்கல. பாத்தேன்னு எழுத முடியாது" என்றார் கடைசியில்.

நான் முக்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

"ஆனா பத்தும் பதினொண்ணும் சாதான்னு பதிஞ்சது நான். இன்னைக்கும் அது சாதான்னேதானே இருக்கு? மத்தவங்களது எல்லாம் மாறிடுச்சு, இவளது மாறல. அத எழுதலாம். பன்னெண்டாவதுக்கு அவளா வந்து கேட்டு நான் பேர் பதிஞ்சேன், அதையும் எழுதலாம்." கொஞ்சம் தயங்கினார். அவர் தயங்கி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். "ஏன் மாறலன்னு கேப்பாங்கம்மா. அம்மா வந்து மாத்தச் சொன்னாங்க, நான் மாத்தலன்னு எழுதினாத்தான் அவங்களுக்கு நம்பிக்கை வரும். எழுதினா உங்க பேரு அதுல வரும். கீழ நீங்களும் ஆமான்னு கையெழுத்துப் போடணும். பாப்பாதான் அத அனுப்பணும், அவளும் படிப்பா. எழுதட்டுமா?"

சாப்பாட்டு நேரம் முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. எழுதுங்க அக்கா என்றேன்.

இங்கிலீஷில் எழுதினார், எனக்குத் தமிழில் வரிவரியாகச் சொல்லிக் காட்டினார். நான் கேட்ட வார்த்தை அப்படியே இருந்தது, ஒரு வார்த்தைதான்க்கா என்பது உட்பட. கூட்டவில்லை, குறைக்கவில்லை. வாசலில் நின்று நான் கடைசியாகச் சொன்னது மட்டும் அதில் இல்லை. மனுவும் இல்லை.

"அது வேணாமா?" என்று கேட்டேன்.

"அது எனக்கு நடந்தது. பாப்பா மார்க்குக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல." பேனாவை என் பக்கம் திருப்பி வைத்தார். "அன்னைக்கு மனுவுல போட்ட மாதிரி அவசரமா கிறுக்கிடாதீங்க. முழுப் பேரும் தெளிவா எழுதுங்க."

மனுவில் என் கையெழுத்தை அவர் பார்த்திருக்கிறார். முதல் நாளே பார்த்திருக்கிறார். பாப்பா நல்லாருக்கா என்று கேட்கும்போதும் அது தெரிந்துதான் கேட்டிருக்கிறார். அந்த ஈரமான பிளாஸ்டிக் மேசையில் காகிதம் நனையாமல் அவர் பிடித்துக்கொண்டிருக்க, நான் என் பெயரை எழுதினேன். மன்னிப்பு கேட்க நினைத்தேன். ஆலைச் சங்கு ஊதிவிட்டது. அவர் எழுந்து உள்ளே போய்விட்டார்.

வீட்டில் கடிதத்தை மடிக்காமல் மகள் கையில் கொடுத்தேன். அவள் நின்றுகொண்டே படித்தாள், பிறகு உட்கார்ந்து இன்னொரு முறை படித்தாள். போனில் படம் எடுத்து மலேசியாவுக்கு அனுப்பினாள். சாயங்காலம் அரிசி களைந்துகொண்டிருந்த என் பின்னால் வந்து நின்றாள்.

"ஆன்ட்டிய வேலைய விட்டு அனுப்பினது யாரு?"

மற்ற அம்மாக்கள் என்று சொல்லியிருக்கலாம். அதுவும் பொய்யில்லை. கடிதத்திலும் ஒன்றும் இல்லை.

"நானுந்தான்" என்றேன். "மனுவுல கையெழுத்துப் போட்டேன்."

ஒரு வாரம் அவள் என்னோடு பேசவில்லை. எட்டாம் நாள் மலேசியாவிலிருந்து பதில் வந்தது, இடம் கிடைத்துவிட்டது. முதல் வருஷம் கூடுதல் கணக்கு வகுப்பு எடுக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. நான் அழுதேன், கும்பிட்டேன், கப்பலுக்குச் செய்தி அனுப்பினேன். மகள் பதிலைக் காகிதத்தில் எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு லைங் தாயாவுக்குக் கிளம்பினாள். நானும் அவசரமாகப் புடவை மாற்றிக்கொண்டு வந்தேன். அவள் கதவில் கை வைத்துத் திரும்பிப் பார்த்தாள்.

"நீ வராதம்மா" என்றாள்.